இத்தாலியப் பழம்பொருள்: பொன் ரேக்கு ஒட்டிய மர மெழுகுவர்த்தித் தாங்கிகள் (ஒரு ஜோடி)

ஜோடியைப் பார்த்ததும் மனம் போய்விட்டது. 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியத் தேவாலயப் பலிபீடத்துக்காகச் செதுக்கியவை என்றார் விற்றவர். மூன்று பக்கப் பீடம், சிங்கப் பாதங்கள், உச்சியில் மெழுகுவர்த்தியைக் குத்தி நிறுத்தும் இரும்பு முள் எல்லாம் அதற்குப் பொருந்துகின்றன. பின்பக்கம் வெறும் மரம். இதைக் குறையாக நினைக்கவே வேண்டாம். சுவரைப் பார்த்து நிற்கும் பக்கத்துக்கு அந்தக் காலத்தில் தங்கத்தைச் செலவழிக்க மாட்டார்கள்.

அந்தத் தங்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். மரத்தின்மேல் ஜிப்சமும் வஜ்ஜிரமும் (விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் பசை) கலந்த வெண்பூச்சு, அதன்மேல் செங்களிமண், பிறகு மிக மெல்லிய தங்கத் தகடான ரேக்கு, கடைசியில் அகேட் கல்லால் மெருகு. கை அதிகம் பட்ட நடுக்குமிழில் ரேக்கு தேய்ந்து சிவப்பு தெரிகிறது. ரேக்கின் விளிம்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிய கோடுகள்கூட மெல்லியதாகத் தென்படுகின்றன. என்ன அழகு!

ஒரு வருத்தம் உண்டு. "யாரும் கை வைக்காதது" என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆனால் ஒரு தாங்கியின் பாதத்தில் வெண்கலப் பெயின்ட் பூசியிருக்கிறார்கள். அது கறுத்து, உயிரற்றுக் கிடக்கிறது. தங்கம் அப்படிக் கறுக்காது. விற்பவர் இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

மின்விளக்காக மாற்றத் தண்டில் துளை போட்ட ஜோடிகளும் விற்பனைக்கு வருகின்றன, அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். தூசியை மென்மையான பிரஷ்ஷால் மட்டும் தட்டுங்கள். ஈரத்துணி பட்டால் வஜ்ஜிரம் இளகி, ரேக்கு துணியோடு வந்துவிடும்.