மேலே பொறித்த எண்ணை நம்பி அரை மாதச் சம்பளத்தை இழந்தேன்

பழைய கார்களின் உதிரிபாகங்களைத் தனியாட்கள் விற்கும் ஓர் இணையச் சந்தையில் டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு உரிய நேரத்தில் மின்சாரத்தைப் பங்கிடும் பாகம்) வாங்கி, அரை மாதச் சம்பளத்தை இழந்து நிற்கிறேன். பணம் திரும்பி வராது என்ற இறுதிப் பதில் இன்று காலைதான் வந்தது. ஆத்திரம் தணிந்தால் எழுதாமலே விட்டுவிடுவேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

என்னுடையது 1965ஆம் ஆண்டின் எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். அதிலிருந்த லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டு தேய்ந்து ஆடியதால், பாயிண்ட் (மின்சுற்றைத் திறந்து மூடும் தொடுமுனைகள்) இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு எத்தனை முறை வைத்தாலும் நிலைக்கவில்லை. அந்த வண்டியின் டிஸ்ட்ரிபியூட்டருக்கு உரிய எண் 40897. ‘முழுதும் புதுப்பித்து, சோதனை இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தது’ என்று எழுதியிருந்த விற்பனையாளர், உடலில் பொறித்திருந்த அந்த எண்ணை நான் கேட்காமலே தெளிவாகப் படமெடுத்து அனுப்பினார். ஏமாந்தது அந்தக் கணத்தில்தான். தானாகவே எண்ணைக் காட்டுகிறவர் வேறு எதை மறைக்கப் போகிறார் என்று எண்ணி, அன்றிரவே பணத்தை அனுப்பினேன்.

வந்ததைப் பொருத்தி, தொடக்க டைமிங்கை, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வருமுன் பொறி விழும் கோணத்தை, 10 டிகிரிக்கு வைத்தேன். வண்டி உடனே கிளம்பியது. ‘பொருள் சரியாக உள்ளது’ என்ற பொத்தானையும் அழுத்திவிட்டேன். மூன்றாம் நாள் ஒரு மேட்டில் ஏறும்போது இஞ்சின் நாக்கிங் அடித்தது, அதாவது உள்ளே தட்டும் சத்தம் கேட்டது. இஞ்சினின் உறிஞ்சலால் டைமிங்கை மாற்றும் வேக்கம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, இஞ்சினை முடுக்கி, டைமிங்கை அளக்கும் டைமிங் லைட்டைப் பிடித்தால், 30 டிகிரியோடு நிற்க வேண்டியது 40ஐத் தொட்டது. பாயிண்ட் தட்டைக் கழற்றிப் பார்த்தேன். வேகம் கூடக் கூட டைமிங்கை முன்னே தள்ளும் எடைகள் உள்ள தட்டுதான் எடைத்தட்டு; அது தள்ளும் உச்ச அளவு டிகிரியில் அதன்மேல் பொறித்திருக்கும். என் பழையதன் எடைத்தட்டில் 10 என்று இருக்கும். இதில் இருந்தது 15. டிஸ்ட்ரிபியூட்டர் இஞ்சினின் பாதி வேகத்தில் சுழல்வதால், அந்த 5 டிகிரி வேறுபாடு கிராங்க் தண்டில் 10 ஆகிவிடுகிறது. உடல் என் வண்டிக்குரியது, உள்ளிருந்தவை வேறெதற்கோ உரியவை. போதாததற்கு வேக்கம் குழாய் சேரும் டயஃப்ரம் என்ற சவ்வும் கிழிந்திருந்தது. இதையா இயந்திரத்தில் வைத்துச் சோதித்தார்?

கேட்டதற்கு, விற்பனையாளர் முதலில் கார்புரேட்டரைப் பார்க்கச் சொன்னார். பிறகு, 180 டிகிரி திருப்பிப் பொருத்தியிருப்பீர்கள் என்றார். அப்படிப் பொருத்தியிருந்தால் வண்டி கிளம்பியே இருக்காது என்று விளக்கி, எடைத்தட்டின் படத்தையும் அனுப்பினேன். அதற்கு, வண்டியில் மாட்டிய மின்பாகத்தைத் திரும்பப் பெறுவதில்லை என்று ஒரு வரி வந்தது. அதற்குப்பின் மௌனம். அந்த இணையச் சந்தையோ, நான் பொத்தானை அழுத்தியதைச் சுட்டிக்காட்டிப் புகாரை மூடிவிட்டது. அரை மாதச் சம்பளம் அதோடு போயிற்று.

சோதிக்கும் முறையை விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமையில்லை. உடலிலுள்ள எண்ணை மட்டும் நம்பாதீர்கள். பணம் தருமுன் பாயிண்ட் தட்டைக் கழற்றி எடைத்தட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கைக்கு வந்ததும் தண்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். தண்டின் தலையிலுள்ள ரோட்டாரை அது சுழலும் திசையில் திருகி விட்டால் அது தானாகத் திரும்பி வர வேண்டும். வேக்கம் குழாயை உறிஞ்சி நாக்கால் அடைத்தால் பாயிண்ட் தட்டு நகர்ந்த இடத்திலேயே நிற்க வேண்டும். வேகத்தோடு டைமிங் முழுதும் எவ்வளவு முன்னேறுகிறது என்று டைமிங் லைட்டில் பார்க்கும்வரை, வண்டி கிளம்பிவிட்டது என்பதற்காக எந்தப் பொத்தானையும் அழுத்தாதீர்கள்.