10, 20, 40: லெப்பர்ட் கெக்கோவுக்கு எந்தத் தொட்டி?

லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லியை வளர்க்க வாங்கப் போகிறேன் என்று சொன்னதும் "எத்தனை கேலன் தொட்டி?" என்றுதான் கேட்பார்கள். அமெரிக்க மீன் தொட்டிக் கடைகளிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த கொள்ளளவுக் கணக்கு அது. தண்ணீரே ஊற்றாத பெட்டிக்கு அது எதற்கு? ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்து வறண்ட கல்லாங்காடுதான் இந்தப் பல்லியின் பூர்வீகம். நம் வீட்டுச் சுவர்ப்பல்லிபோல விரலில் ஒட்டும் பட்டை இதற்குக் கிடையாது, கண்ணாடியில் ஏறவும் ஏறாது. தரையோடு தரையாக நடந்து திரிகிற ஜீவனுக்குத் தரைதான் முக்கியம்.

அதனால் கேலனை விட்டுவிட்டு டேப்பை எடுங்கள். 10 கேலன் தொட்டியின் தரை 20×10 அங்குலம், அதாவது 200 சதுர அங்குலம். 20 கேலனில் 'ஹை', 'லாங்' என்று இரண்டு உண்டு. கொள்ளளவு ஒன்றேதான். ஆனால் உயரமான 'ஹை'யின் தரை 24×12, நீளமான 'லாங்'கின் தரை 30×12. அந்த ஆறு அங்குலத்தை உயரத்துக்கு விட்டுக்கொடுப்பதில் கெக்கோவுக்கு எந்த லாபமும் இல்லை. 40 கேலன் 'பிரீடர்' 36×18, அதாவது 648 சதுர அங்குலம். பத்து கேலனைப்போல மூன்று மடங்குக்கும் மேல்.

என் முதல் தொட்டி 10 கேலன்தான். "இதுக்கு இதுவே தாராளம்" என்றார் கடைக்காரர். குட்டி அப்போது விரல் நீளம் இருந்ததால் நானும் தலையாட்டினேன். சிக்கல் இடத்தில் தொடங்கவில்லை, சூட்டில் தொடங்கியது. இந்தப் பல்லி தனக்கு வேண்டிய சூட்டைத் தானே தேடிப்போய் வாங்கிக்கொள்ளும். ஒரு முனையில் தரை 32 முதல் 34 டிகிரி வரை இருக்க வேண்டும், மறுமுனை 25-ஐ ஒட்டி இருக்க வேண்டும். பல்பைப் போட்டுச் சூடான முனையை 33-க்குக் கொண்டுவந்தேன். 'குளிர்ந்த' முனையில் தெர்மாமீட்டரை வைத்தால் 30! அரை மீட்டர் நீளப் பெட்டியில் சூடு வேறு எங்கே போகும்? பாவம், அது கடைசி மூலைக் கண்ணாடியில் வயிற்றை அப்பிக்கொண்டு கிடந்தது.

இடச் சிக்கலும் பின்னாலேயே வந்தது. சூட்டில் ஒரு குகை, குளிரில் ஒரு குகை, தோல் உரிக்க ஈரப் பாசி போட்ட குகை ஒன்று. இந்த மூன்றும் இல்லாமல் வளர்க்கக் கூடாது. ஒவ்வொன்றும் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. மூன்றையும் வைத்ததும் தொட்டி முடிந்தது! ஒரே மூலையில் கழிக்கிற சுத்தமான பிராணிதான், ஆனால் அந்த மூலைக்கும் தண்ணீர்க் கிண்ணத்துக்கும் நாலு விரல்தான் இடைவெளி.

20 லாங்கில் இந்த இரண்டு சிக்கலும் ஓரளவு தீரும். முனைக்கு முனை வெப்ப வித்தியாசம் கிடைக்கும், மூன்று குகையும் அடங்கும். ஆனால் அகலம் ஒரு அடிதான். முழுதாக வளர்ந்த கெக்கோ வால் உட்பட 20 சென்டிமீட்டரைத் தாண்டும். ஒரு கல்லை நடுவில் வைத்தால் வழி அடைபடுகிறது. வீட்டில் உண்மையிலேயே இடமில்லை என்றால் இதோடு நிறுத்தலாம், இதற்குக் கீழே வேண்டாம்.

என் ஓட்டு 40-க்கு. "பெரிய தொட்டியில் விட்டால் பயந்து சாப்பிடாது" என்பார்கள். அதில் பாதி உண்மை. மொட்டைத் தொட்டி என்றால் பயப்படும்தான். மரப்பட்டை, கல், பிளாஸ்டிக் செடி என்று ஒளிந்து ஒளிந்து போக வழி அமைத்துக் கொடுங்கள், பயம் போய்விடும். (கல்லை மண்மேல் வைக்காமல் அடித்தளத்தில் ஊன்றி வையுங்கள். அடியில் தோண்டினால் கல் சரிந்து அதன்மேலேயே விழும்.) பண்ணைக்காரர்கள் டப்பாக்களில் வளர்க்கிறார்களே, முட்டையும் இடுகிறதே என்பது இன்னொரு வாதம். முட்டை இடுவதை வைத்து நன்றாக வாழ்கிறது என்று சொல்ல முடியாது, கோழிப் பண்ணையைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

40-க்கு மாற்றிய முதல் வாரம் என்னுடையது குகையை விட்டு வெளியே வரவில்லை. இரண்டாம் வாரம் ஒரு அந்தி நேரத்தில் மரப்பட்டைமேல் தத்தித் தத்தி ஏறி, இரையாக விட்ட கிரிக்கெட் பூச்சியைப் பார்த்து வால் நுனியை மட்டும் ஆட்டிக்கொண்டே பதுங்கியது. பத்து கேலனில் அது ஒருமுறைகூடப் பதுங்கியதில்லை. அங்கே பூச்சி எப்போதும் வாய்க்கு எதிரிலேயே இருந்தது.

4×2 அடிப் பெட்டியும் கிடைக்கிறது. இடமும் காசும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். பூச்சிகள் ஒளிந்துகொள்ளும் என்பதால் இடுக்கியில் பிடித்து ஊட்ட வேண்டியிருக்கும். எவ்வளவு பெரிதானாலும் இரண்டு கெக்கோவை ஒன்றாக விடாதீர்கள், அதுவும் இரண்டு ஆண்களை. கடித்துக்கொள்ளும்.

குட்டிக்குச் சின்னது, பிறகு பெரியது என்று இரண்டு தடவை செலவழிக்க வேண்டாம். ஒன்றரை வருடத்துக்குள் வளர்ந்துவிடும், பிறகு பதினைந்து வருடம் அதே தொட்டிதான். முடிந்தால் முன்பக்கம் திறக்கிற கதவு உள்ளதாகப் பாருங்கள். மேலிருந்து இறங்கும் கை அதற்குப் பருந்துதான். 40 கேலன் கண்ணாடித் தொட்டி காலியாகவே 26 கிலோ இருக்கும், மண்ணும் கல்லும் போட்ட பிறகு அசைக்க முடியாது. மேசையை முதலில் முடிவு செய்துவிட்டு வாங்கப் போங்கள்.

அந்தப் பழைய 10 கேலனில் இப்போது கிரிக்கெட் பூச்சிகள் குடியிருக்கின்றன.