ராட்டர்டாமுக்கு ஒரு வழி, ஜெத்தாவுக்கு வேறு வழி

20 அடி கன்டெய்னர் ஒன்றில் 80 டிரம், டிரம்முக்கு 215 கிலோ பெங்களூரா மாங்கூழ். கிருஷ்ணகிரி ஆலையிலிருந்து சென்னைத் துறைமுகம் வரை எல்லாம் நம் கையில் இருக்கிறது. அப்புறம் செங்கடல் வழியா, ஆப்பிரிக்காவைச் சுற்றியா என்பது எந்தக் கப்பலில் இடம் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

தூரத்தை மட்டும் பார்த்தால் செங்கடல், சூயஸ் கால்வாய் வழிதான். உதாரணத்துக்கு, சிங்கப்பூரிலிருந்து நெதர்லாந்தின் ராட்டர்டாமுக்குச் சுமார் 8,500 கடல் மைல். நன்னம்பிக்கை முனையைச் சுற்றினால் 11,800. ஆனால் 2023 நவம்பரில் செங்கடலில் கேலக்ஸி லீடர் கப்பலை ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் கைப்பற்றிய பிறகு கணக்கே மாறிவிட்டது. சாதாரண சரக்குக் காப்பீட்டில் போர்ச் சேதம் சேராது, அதற்குத் தனியாகக் கட்ட வேண்டும். இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கப்பல் அடிபட்டு, அதைக் காப்பாற்றிய செலவை 'ஜெனரல் ஆவரேஜ்', அதாவது சரக்குக்காரர்கள் எல்லாரும் பங்கிட வேண்டிய செலவு என்று அறிவித்தால், நம் டிரம்மில் ஒரு கீறல்கூட இல்லாவிட்டாலும் நம் பங்குக்கு உத்தரவாதம் கொடுத்தால்தான் சரக்கு கைக்கு வரும். சில மாத அமைதிக்குப் பிறகு, 2025 ஜூலையில் ஒரே வாரத்தில் மேஜிக் சீஸ், எட்டர்னிடி சி என்ற இரண்டு கப்பல்களை மூழ்கடித்தார்கள், மாலுமிகள் உயிரிழந்தார்கள். 'இப்போது அமைதியாக இருக்கிறது' என்ற பேச்சை நம்பி நான் இடம் பிடிக்க மாட்டேன்.

முனை வழியில் 10 முதல் 14 நாள் கூடும். அசெப்டிக் பையில், அதாவது கிருமி நீக்கிய பையில் அடைத்த கூழுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அடிவாங்குவது பணச் சுழற்சிதான். சீசனில் காய் கொண்டுவரும் விவசாயிக்கு உடனே பணம் தர வேண்டும். வாங்குபவரோ சரக்கு சேர்ந்த பிறகே தருவார். நடுவில் வங்கி வட்டி ஓடும். கப்பல்கள் திரும்பிவர நாளாவதால் காலி கன்டெய்னருக்கும் தட்டுப்பாடு வரும். நம் சீசன் சரக்கு கிளம்பும் ஜூலை, ஆகஸ்டில் முனைப் பக்கம் குளிர்காலப் புயல் வேறு. 2024இல் அந்த இரண்டு மாதத்தில் தென்னாப்பிரிக்கா அருகே நூற்றுக்கும் மேற்பட்ட கன்டெய்னர்கள் கடலில் விழுந்தன. இருந்தும் ராட்டர்டாம் சரக்குக்கு நான் முனை வழியையே சொல்வேன். கூடும் நாளுக்கான வட்டியை விலை பேசும்போதே சேர்த்துவிடுங்கள்.

ஜெத்தா விஷயம் வேறு. அது செங்கடலுக்கு உள்ளேயே இருக்கும் சவுதி துறைமுகம். செங்கடலின் தெற்கு வாசலான பாப் எல் மண்டேப் நீரிணையைத் தவிர்க்க வேண்டுமானால் ஆப்பிரிக்கா முழுவதையும் சுற்றி, சூயஸ் வழியாகக் கீழே இறங்க வேண்டும். பக்கத்து வீட்டுக்கு ஊரைச் சுற்றிப் போவது போல. அதைவிட சவுதியின் கிழக்குக் கரையில் உள்ள தம்மாமில் இறக்கி, சுமார் 1,300 கி.மீ. லாரியில் அனுப்புவது மேல். லாரி வாடகை கூடுதல்தான், ஆனால் நாள் கணக்கு கையில் நிற்கும். தம்மாம் போகும் கப்பலும் ஹார்முஸ் நீரிணையைத் தாண்ட வேண்டும் என்பதால், ஈரான் பக்கம் பதற்றம் வந்தால் இந்த வழியும் அடைபடும். அப்போது நீரிணைக்கு வெளியே உள்ள ஐக்கிய அரபு அமீரகத் துறைமுகமான கோர்ஃபக்கானில் இறக்கலாம், லாரி ஓட்டம் இன்னும் நீளும்.

விமானம் ஓசூர் ரோஜாவுக்குச் சரி. 17 டன் கூழுக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.