பி365 வாங்கப் போய் 720 டாலர் போச்சு. மாட்யுலர் பிஸ்டல் தேடுற நம்ம ஆளுங்க படிச்சிடுங்க

720 டாலர். தொகையை முதல்லயே சொல்லிடறேன். நேத்து ராத்திரி, நான் வாங்கின விளம்பரத் தளத்துல இருந்து "உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது"ன்னு மெயில் வந்துச்சு. முடிச்சிட்டாங்களாம். என்னை ஏமாத்தி வித்தவனோட விளம்பரம் இன்னும் அப்படியே நிக்குது, என் புகார் மட்டும் முடிஞ்சுபோச்சு. தளத்தோட பேரை எழுதல. அமெரிக்காவுல தனியாட்கள் துப்பாக்கி விளம்பரம் போட்டு விக்கிற தளங்கள்ல ஒண்ணு, அவ்வளவுதான் சொல்வேன். பேரைப் போட்டு வக்கீல் நோட்டீஸ் வந்தா அதுக்கும் அழ என்கிட்ட காசு இல்ல. நடந்ததைச் சொல்லிட்டு, எப்படி வாங்கணும்னு கடைசியில விவரமா எழுதறேன்.

நாங்க இருக்கறது டெக்சாஸ்ல, ஹூஸ்டனுக்கு மேற்கே, கேட்டிங்கிற ஊரையும் தாண்டி. புதுசா வந்த குடியிருப்பு. பாதி மனை காலி, தெருவிளக்கு முழுசா வரல. 911 கூப்பிட்டா ஷெரிஃப் ஆபீஸ் வண்டி வந்து சேர நேரமாகுது. வீட்டுல ஒண்ணு இருக்கட்டும்னு பிடிவாதமா நின்னது என் மனைவிதான். ரெண்டு பேரும் கிரீன் கார்டு, அதனால சட்டப்படி வாங்கறதுல சிக்கல் இல்ல.

சிக்கல் கையில இருந்துச்சு. துப்பாக்கி சுட்டுப் பழகற ரேஞ்சுல வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்தோம். பெரிய பிஸ்டல் அவ கையில நிக்கல, ட்ரிகருக்கு விரல் எட்டவே மாட்டேங்குது. ரொம்பச் சின்னதைக் குடுத்தா உதைப்பு ஜாஸ்தி, ஸ்பிரிங் கட்டியா இருக்கறதால மேல நகர்ற பாகமான ஸ்லைடைப் பின்னால இழுக்கவும் திணர்றா. எனக்கோ சின்ன பிஸ்டல் பிடிச்சா சுண்டுவிரலுக்கு இடமே இல்ல, காத்துல தொங்குது. ரேஞ்சுல பழக்கமான மதுரைக்கார அண்ணன் ஒருத்தர் இதைப் பார்த்துட்டு, "ரெண்டு துப்பாக்கிக்கு ஏன் செலவு பண்றீங்க தம்பி, மாட்யுலர் வாங்குங்க, ஆளுக்கு ஒரு கிரிப், அதான் கைப்பிடி, வச்சுக்கலாம்"னார்.

அது என்னன்னு தெரியாதவங்களுக்காக. சாதாரண பிஸ்டல்ல கைப்பிடியோட சேர்ந்த ஃபிரேம்தான் சட்டத்துக்குத் துப்பாக்கி, சீரியல் நம்பர் அதுலதான் இருக்கும். மாட்யுலர்ல அப்படி இல்ல. உள்ள ஒரு சின்ன உலோகக் கூடு, அதுல ட்ரிகர், அதோட சேர்ந்த சாமான் எல்லாம். ஃபயர் கண்ட்ரோல் யூனிட், சுருக்கமா எஃப்.சி.யு. சீரியல் நம்பர் அதுலதான் இருக்கு, அமெரிக்கச் சட்டத்துக்கு அது மட்டும்தான் துப்பாக்கி. கிரிப், ஸ்லைடு, குழலான பேரல் எல்லாம் வெறும் உதிரிபாகம். எஃப்.சி.யு.வைக் கழட்டி வேற அளவு கிரிப்புல உக்கார வச்சா வேற அளவு பிஸ்டல் ரெடி. சிக் சாவர் கம்பெனி பி250-ல இதைக் கொண்டுவந்து, 2014-ல பி320, 2018-ல பி365-ன்னு இறக்கினாங்க. 9 எம்எம், பேரல் மூணு இஞ்ச் சொச்சம், அந்தச் சின்ன உடம்புக்குள்ள 10 தோட்டா. அப்புறம் அதுலயே கொஞ்சம் பெரிய எக்ஸ்எல், 12 தோட்டா. 2022-ல அதைவிடப் பெரிய மேக்ரோ, 17. இப்ப ஸ்பிரிங்ஃபீல்டு எஷலான், ரூகர் ஆர்எக்ஸ்எம்னு மத்தவங்களும் இந்த வழிக்கு வந்துட்டாங்க. எங்களுக்குப் பிடிச்சது பி365. அதைப் பத்தி இன்னிக்கும் எனக்கு ஒரு குறையும் இல்ல, செஞ்ச கம்பெனி மேல கோபமும் இல்ல.

விளம்பரம் இதுதான்: பி365, எக்ஸ்எல் கிரிப் ஒண்ணு, மேக்ரோ கிரிப் ஒண்ணு, தோட்டா அடைக்கிற மேகஸின் நாலு, ஹோல்ஸ்டர்ங்கிற உறை. மொத்தம் 720 டாலர். அவளுக்கு எக்ஸ்எல், எனக்கு மேக்ரோ. எங்க வீட்டை எட்டிப் பார்த்து எழுதினா மாதிரி இருந்துச்சு. ஆள் டென்னசியில இருக்கறதா போட்டிருந்தான். படங்கள் அத்தனை தெளிவு, நீலத் துணி விரிச்சு ஒவ்வொரு பாகமா அடுக்கி. சீரியல் நம்பர் தெரியற இடத்துல மட்டும் பட்டை அடிச்சிருந்தான். எல்லாரும் அப்படித்தான் மறைப்பாங்க.

நம்பிக்கை வந்த இடத்தைச் சொல்றேன், கேளுங்க. பி365 மேன்யுவல் சேஃப்டியோடயும் (தவறிச் சுட்டுடாம இருக்கக் கையால போடற பூட்டு) வருது, இல்லாமலும் வருது. சேஃப்டி இருந்தா அந்த நெம்புகோல் வெளிய வர கிரிப்புல வெட்டு இருக்கணும். மேக்ரோவுல வெட்டு இருக்கான்னு கேட்டேன். உடனே கிரிப்பைத் திருப்பி, விரலால அந்த இடத்தைக் காட்டிப் படம் அனுப்பினான். வெட்டு இருக்கு, உன் மனைவி புதுசுன்னா சேஃப்டி உள்ளதே நல்லது, பழகினப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்கன்னான். எத்தனை கேள்வி கேட்டாலும் அலுக்காம பதில். கடையில காசு குடுக்கறப்பகூட யாரும் எனக்கு இவ்வளவு பொறுமையா விளக்கினதில்ல.

அடுத்து அனுப்பற விஷயம். வேற மாநிலத்துல இருந்து கைத்துப்பாக்கி நேரா வீட்டுக்கு வரக்கூடாது. நம்ம மாநிலத்துல உரிமம் உள்ள டீலருக்கு வரணும், அங்க 4473 ஃபாரம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிஞ்சு, டீலர் கையால வாங்கணும். இதை அவனே எடுத்துச் சொன்னான். சொல்லிட்டு, "பிரதர், எஃப்.சி.யு. மட்டும் உன் டீலருக்கு வரும். மத்ததெல்லாம் சட்டப்படி உதிரிபாகம், நேரா வீட்டுக்கே அனுப்பிடறேன், முதல்ல அதைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கோ"ன்னான். டீலர் லைசென்ஸ் காப்பி கேட்டான், என் டீலரும் மெயில்ல அனுப்பினார். முறைப்படி எப்படி நடக்குமோ அப்படியே நடந்துச்சு. அவன் சொன்ன சட்டத்துல ஒரு வார்த்தை பொய் இல்லைங்க! அதுதான் வயிறு எரியுது. பேபால் மாதிரி இடங்கள்ல துப்பாக்கி வியாபாரமே கூடாது, அதனால பேங்க் ஆப்ல அனுப்பிடுன்னான். அதுவும் உண்மைதான். 720 டாலர் அந்த நிமிஷமே போய்ச் சேர்ந்துடுச்சு.

பெட்டி சொன்ன நாள்ல வீட்டுக்கு வந்துச்சு. ரெண்டு கிரிப், ஸ்லைடு, பேரல், மேகஸின், ஹோல்ஸ்டர். அடுத்த வாரம் எஃப்.சி.யு. வரும்னான். வரல. டீலரைக் கூப்பிட்டேன், எதுவும் வரலைன்னார். திரும்பக் கூப்பிட்டேன். "வந்தா நானே சொல்றேன், நீ கூப்பிட்டுக்கிட்டே இருக்காதே"ன்னு கடுப்பாயிட்டார். அவரைச் சொல்லிக் குத்தமில்ல.

விக்கிறவன் ஒவ்வொரு நாளும் ஒரு கதை. லைசென்ஸ் காப்பி தெளிவா இல்ல, திரும்ப அனுப்பு. எங்க ஊர் டீலர் வேட்டைக்குப் போயிருக்கார், திங்கக்கிழமை வருவார். திங்கக்கிழமை போச்சு, உன் டீலர் தனியாள் அனுப்பினா வாங்குவாரா, டீலர்கிட்ட இருந்து வந்தாத்தான் வாங்குவாரான்னு புதுசா ஒரு கேள்வி. சில டீலர்கள் நிஜமாவே அப்படிச் சொல்வாங்க, அதனால அதுக்கும் அலைஞ்சு விசாரிச்சேன். அப்புறம் பதிலே இல்ல. கடைசியா வந்தது ஒரே வரி: விளம்பரத்துல "கம்ப்ளீட் மாட்யுலர் கிட்"னுதான் போட்டிருக்கு, கிட் வந்துடுச்சே. போய்ப் பார்த்தா, நிஜமாவே தலைப்பு மாறியிருக்கு. பி365-ங்கிற எழுத்துக்குப் பக்கத்துல "கிட்" முளைச்சிருக்கு.

பெட்டியைத் தூக்கிக்கிட்டு மதுரை அண்ணன் வீட்டுக்குப் போனேன். கிரிப்போட வலதுபக்கம் ஒரு சின்ன ஜன்னல் மாதிரி இருக்கும், உள்ள எஃப்.சி.யு. உக்காந்திருந்தா சீரியல் நம்பர் அது வழியாத் தெரியும். அண்ணன் மேல இருந்து விரலை விட்டார், ஜன்னல்ல அவர் விரல்தான் தெரிஞ்சுது. ஸ்லைடைத் திருப்பிப் பின்பக்கத் தகட்டைப் பார்த்தார், நீக்கினார். உள்ள தோட்டாவை அடிச்சு வெடிக்க வைக்கிற ஸ்ட்ரைக்கரும் இல்ல, ஸ்பிரிங்கும் இல்ல. "நுங்கைத் தோண்டித் தின்னுட்டு மட்டையை உனக்கு அனுப்பியிருக்கான் தம்பி"ன்னார். எனக்குச் சிரிப்பு வரல. அவருக்கும் வரல.

இனிமே ஆரம்பிக்குது கூத்து. தளத்துல புகார் போட்டேன். முதல்ல தானியங்கி பதில். அப்புறம் ஒருத்தர்: பார்சல் டெலிவரி ஆனதா டிராக்கிங் காட்டுது. ஐயா, வந்தது உதிரிபாகம், துப்பாக்கி வரலன்னேன். அப்போ டீலர் மாத்திக் குடுத்த ரெக்கார்டு அனுப்புன்னாங்க. வராத துப்பாக்கிக்கு ரெக்கார்டுக்கு நான் எங்க போறது? அதுக்கு வந்த பதிலை அப்படியே தமிழ்ல தர்றேன்: ரெக்கார்டு இல்லாததால் துப்பாக்கிப் பரிமாற்றம் எதுவும் நடக்கவில்லை, ஆகவே துப்பாக்கி வாங்குவோருக்கான பாதுகாப்பு இதற்குப் பொருந்தாது. உதிரிபாகம்னு பார்த்தா டெலிவரி ஆயிடுச்சு. துப்பாக்கின்னு பார்த்தா வியாபாரமே நடக்கல. 720 டாலர் மட்டும் நடந்திருக்கு!

மாட்யுலரா இருக்கறதாலதான் இந்தத் திருட்டே இவ்வளவு சுலபம். மத்த பிஸ்டலா இருந்தா ஃபிரேம் இல்லாம கைப்பிடியே கிடையாது, பெட்டியைத் திறந்தவுடனே தெரிஞ்சுடும், சீரியல் நம்பர் இல்லாம எவனும் அனுப்பவும் முடியாது. இதுல சட்டமே துப்பாக்கியை வேற, மத்ததை வேறன்னு பிரிச்சு வச்சிருக்கு. அந்தப் பிளவுக்குள்ள பூந்து அவன் கடையைப் போட்டிருக்கான்.

பேங்க்ல, நீங்களே அனுப்பச் சொல்லி அனுப்பின பணம், மோசடிக் கணக்குல வராதுன்னாங்க. இது கார்டு இல்ல, திருப்பி எடுக்க முடியாது. ஷெரிஃப் ஆபீஸ்ல எழுதி வாங்கிக்கிட்டு, சிவில் விவகாரம் மாதிரி இருக்கேன்னு இழுத்தாங்க. எஃப்பிஐயோட இணையக் குற்றப் புகார் மையத்துலயும் பதிவு பண்ணியிருக்கேன், ஒரு நம்பர் வந்திருக்கு. இதுக்கு நடுவுல என் டீலருக்கு என் மேல கோபம், அவர் லைசென்ஸ் காப்பி எவனோ ஒரு திருடன் கையில கிடக்குதேன்னு. அவர் பயம் நியாயம்தான்.

எஃப்.சி.யு.வைத் தனியா வாங்கி மாட்டிக்கோன்னு ரெண்டு பேர் சொல்லிட்டாங்க. உள்சாமானைப் பிடுங்கின ஸ்லைடுல வேற எதையெல்லாம் நோண்டி வச்சிருக்கானோ. அதை நம்பி என் மனைவி கையில குடுக்கச் சொல்றீங்களா? பெட்டி சாட்சியா அப்படியே இருக்கு, யாரும் தொடறதில்ல.

எப்படி வாங்கணும்னு விவரமா எழுதறேன்னு மேல சொன்னேன். பொறுமை இல்ல, அவசரத்துக்கு இவ்வளவுதான். மாட்யுலர்னா எஃப்.சி.யு. முதல்ல டீலர் கைக்கு வரட்டும், அதுக்கு முன்னாடி உதிரிபாகத்துக்கு ஒரு டாலர்கூடக் குடுக்காதீங்க. தலைப்புல "கிட்"னு இருந்தா ஓடிடுங்க, இல்லைன்னாலும் விளம்பரத்தை அன்னிக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. கிரிப் ஜன்னல் வழியா நம்பர் தெரியற மாதிரி, அன்னிக்குத் தேதி எழுதின சீட்டோட படம் கேளுங்க, கடைசி எண்ணை மறைச்சா பரவாயில்ல. பேங்க் ஆப் பணம் வேணவே வேணாம். முடிஞ்சா கார்டு வாங்கற உள்ளூர்க் கடையிலயே புதுசா எடுத்துடுங்க, கொஞ்சம் ஜாஸ்தி ஆனாலும்.

இன்னொண்ணு. இதைப் படிச்சிட்டு எச்1பி-ல இருக்கற தம்பிங்க சிலர் எந்த மாடல் நல்லதுன்னு கேப்பீங்க. ஃபெடரல் சட்டப்படி அந்த மாதிரி விசாவுல இருக்கறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கறதே பொதுவா குற்றம். வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு உண்டு, அதையெல்லாம் வக்கீல்கிட்ட கேளுங்க, என்கிட்ட கேக்காதீங்க.