பிரவுன் என்றால் பழுப்பா, மண்ணிறமா, காப்பிக் கலரா?

பிரவுனுக்குத் தமிழ் என்ன என்று தமிழ்நாட்டில் கேட்டால், பள்ளிக்கூடம் போனவர்கள் பழுப்பு என்பார்கள். இலங்கைத் தமிழர்கள் மண்ணிறம் என்பார்கள். அங்கே கபில நிறம் என்றும் எழுதுவது உண்டு. ஜவுளிக்கடையில் கேட்டால் காப்பிக் கலர், சாக்லேட் கலர். மொழிபெயர்க்க உட்காரும்போதெல்லாம் இதில் எதை எடுப்பது என்று எனக்குத் தடுமாற்றம்தான்.

அகராதி நாற்காலியில் இருப்பது பழுப்பு. ஆனால் அது பழுத்த இலையிலிருந்து வந்த சொல். வேட்டி பழுப்பேறிவிட்டது என்றால் காப்பி நிறமாகிவிட்டது என்று யாரும் நினைப்பதில்லை, வெள்ளை போய் மஞ்சள் தட்டிவிட்டது என்றுதான் அர்த்தம். பழைய புத்தகத்தின் தாளும் அப்படியே. அதே சொல்லை நெய்வேலியில் வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரிக்கும் வைத்திருக்கிறோம். அந்தக் கரி பழுத்த இலைக்குப் பக்கத்தில்கூட வராது. கறுப்புக்கு ஒரு படி முன்னால் நிற்கும் நிறம். ஆனாலும் 1956-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் பெயரோடு ஒட்டி ஊரறிந்துவிட்டதால் இனி அதை மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம்.

மண்ணிறம் கேட்க அழகான சொல். எனக்குள்ள சிக்கல், எந்த மண் என்பது. கோவில்பட்டிப் பக்கம் மண் கரிசல், புதுக்கோட்டைப் பக்கம் செம்மண். பழகிய இடத்தில் இந்தக் கேள்வி எழாது, பழகாத வாசகர் ஒரு நொடி நிற்பார். இன்னொரு வேடிக்கை: காக்கி என்பதும் பாரசீகத்தில் மண், புழுதி என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். அந்த மண்ணிறம் போலீஸ் சட்டைக்குப் போய்விட்டது.

கபிலம் வடமொழி வரவு. துல்லியமானதுதான், ஆனால் சென்னையில் யாரிடமாவது கபில நிறச் சட்டை கேட்டால் கடைக்காரர் முழிப்பார். காப்பிக் கலரில் அந்தக் குழப்பம் இல்லை. என்ன, பால் ஊற்றிய காப்பியா, கொட்டையா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சரி, இந்தச் சொற்களெல்லாம் வருவதற்கு முன்னால் நம் ஆட்கள் பிரவுனை என்னவென்று சொன்னார்கள்? மாட்டுத்தொழுவத்திலும் அடுப்படியிலும் பார்த்தால் விடை இருக்கிறது. அந்த நிறத்து மாடும் நாயும் செவலை. உளுத்தம்பருப்பைச் சிவக்க வறுக்கிறோம். அது ஒருநாளும் சிவப்பாவதில்லை, ஆங்கிலக் கண்ணுக்கு அது பிரவுன். வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்குகிறோம், அதுவும் அவர்களுக்கு பிரவுன்தான். அதாவது இந்த நிறத்தைத் தனியாகக் குடிவைக்காமல், பாதியைச் சிவப்பு வீட்டிலும் மீதியை மஞ்சள் வீட்டிலும் தங்கவைத்திருக்கிறோம்.

இதில் அறிவியலும் நம் பக்கம். வானவில்லில் பிரவுன் கிடையாது. ஆரஞ்சு நிறத்தை, சுற்றியிருப்பது அதைவிட வெளிச்சமாக இருக்கும்படி மங்கலாகக் காட்டினால் கண் அதைத்தான் பிரவுன் என்று படிக்கிறது. ஆரஞ்சு சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில் இருப்பது தானே? இணையப் பக்கங்களுக்கு நிறம் கொடுக்கும்போது பிரவுன் என்று ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். சிவப்பு 165, பச்சை 42, நீலம் 42 என்ற கலவை வரும். நம் ஜவுளிக்கடைக்காரர் பார்த்தால் அரக்கு என்று எடுத்து வைப்பார்.

ஆங்கிலத்திலும் இந்தச் சொல் ஒரே இடத்தில் நின்றதில்லை. பழைய ஆங்கிலத்தில் அது இருண்ட நிறம். வாளின் பளபளப்பையும் அதே சொல்லால் குறித்தார்கள். இன்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தெற்காசியர்கள் தங்களையே பிரவுன் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அதைப் ‘பழுப்பு நிறத்தவர்’ என்று தமிழாக்கினால் மஞ்சள் காமாலை கண்டவர் போல் இருக்கிறது. தோலுக்கு நம்மிடம் மாநிறம் இருக்கிறது, ஆனால் அது ஓர் ஆளின் நிறம், ஒரு கூட்டத்தின் பெயர் அல்ல. இங்கே நான் பிரவுன் என்றே விட்டுவிடுவேன்.

அதனால் என் வழக்கம் இது: அறிவியல் கட்டுரை என்றால் பழுப்பு, மறுபேச்சில்லை. பிரவுன் அரிசிக்குத் தீட்டாத அரிசி. நிறத்தைச் சொல்வதைவிடச் செய்ததைச் சொல்வது புரியும். நெல்லைத் தாக்கும் பிரவுன் தத்துப்பூச்சிக்கு விவசாயிகள் வைத்த பெயர் புகையான். பயிர் கருகிப் புகைந்தது போல் ஆகிவிடுவதால் வந்த பெயர், அதன் முன்னால் எந்த நிறச்சொல்லும் நிற்காது. கதையில் மாடு வந்தால் செவலை. துணி வந்தால் காப்பிக் கலர்.

கண் வந்தால்தான் மாட்டிக்கொள்கிறேன். ஆங்கிலக் கதைகளில் பிரவுன் கண்கள் என்று வருவது பெரும்பாலும் நாம் கருவிழி என்று சொல்லும் அதே கண்தான். போன மாதம் அப்படி ஓரிடத்தில் ‘கரிய கண்கள்’ என்று போட்டேன். இரண்டு பக்கம் தள்ளி, அவள் தங்கைக்கு நிஜமாகவே கறுப்புக் கண்கள் என்று வந்தது. திரும்பிப் போய் அக்காவின் கண்ணைத் தேன் நிறமாக்கினேன்.