கையேட்டில் இல்லாதது: பெரிய பல்கலைக்கழகத்தில் ஆறு வருடம்

அரசு நடத்தும் மிகப் பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் ஒன்றில் இளங்கலை நான்கு வருடம், முதுகலை இரண்டு வருடம் படித்தேன். இதுபோன்ற இடத்தில் சேர யோசிப்பவர்களுக்காக இது.

முதல் வகுப்பில் 400 பேர். பேராசிரியர் மேடையில் விரல் உயரத்துக்குத்தான் தெரிந்தார். வாரத்துக்கு ஒருமுறை 25 பேராகப் பிரித்து, ஆராய்ச்சி மாணவர் ஒருவர் கணக்குகளைச் சொல்லித்தருவார். முதல் வருடம் என்னைத் தேற்றியவர் அவர்தான். ஆராய்கிறவரே கற்பிக்கவும் வேண்டும் என்பது 1810இல் தொடங்கிய பெர்லின் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பரவிய எண்ணம். சரி, நல்ல எண்ணம்தான். ஆனால் பதவி உயர்வு என்று வரும்போது பெரும்பாலும் எடைபோடுவது ஆய்வுக் கட்டுரைகளையும் கொண்டுவந்த நிதியையும். நன்றாகப் பாடம் நடத்துவது அவரவர் மனசு.

பேராசிரியர்கள் வாரத்தில் ஓரிரு மணி நேரம் மாணவர்களுக்காகவே அறையைத் திறந்து வைத்திருப்பார்கள். அந்த 400 பேரில் நாலைந்து பேர் எட்டிப் பார்த்தாலே அதிகம். நான் போனதும் படிப்பு ஆர்வத்தில் இல்லை, மதிப்பெண்ணுக்குச் சண்டை போட. சண்டையில் தோற்றேன். ஆனால் பேச்சு அவருடைய ஆய்வுக்குத் திரும்பியது. அடுத்த பருவத்தில் அவர் ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவிக்கொண்டிருந்தேன். மூன்று மாதம் குடுவைதான். அப்புறம்தான் கருவியைத் தொட விட்டார்கள். இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் 1969 அக்டோபர் 29 அன்று முதல் செய்தியைத் தட்டியவரும் ஒரு மாணவர்தான், லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில். அதுவும் அரசுப் பல்கலைக்கழகமே. 'லாகின்' என்ற சொல்லில் இரண்டு எழுத்து போய்ச் சேர்ந்ததும் மறுமுனைக் கணினி படுத்துவிட்டது. நான் கெடுத்த மாதிரிகளை நினைத்து வருந்தும்போதெல்லாம் இதுதான் ஆறுதல்.

நிர்வாகம்? பொறுமை வேண்டும். எனக்குப் பாட ஆலோசகர்கள் மூன்று முறை மாறினார்கள். "அதை அப்புறம் எடுத்துக்கலாம்" என்று ஒருவர் சொன்ன பாடத்தை முடிக்காமல் அடுத்த நான்கு பாடங்களில் சேரவே முடியாது என்று பிறகுதான் தெரிந்தது. அரை வருடம் போயிற்று. பாடத்திட்ட விதிகளை நீங்களே உட்கார்ந்து படித்துவிடுங்கள்.

பல நாட்டவர், பல மொழியினர் என்று கையேடு சொல்வது பொய்யில்லை. ஆனால் சாப்பாட்டு மேசையில் அவரவர் மொழிக்காரர்களோடுதான் உட்காருவார்கள், நானும்தான். கலந்து பழகியது ஆய்வுக்கூடத்திலும் குழுப் பணிகளிலும். என் குழுவில் ஒரு பெண்மணி, மகன் கல்லூரிக்குப் போன பிறகு பட்டம் படிக்க வந்தவர். கெடு தேதி தவறாமல் எங்களை விரட்டியவர் அவர்தான்.

சுற்றிப் பார்க்கப் போகும்போது, வழிகாட்டியை விட்டுவிட்டு வராந்தாவில் நிற்கும் இரண்டாம் வருட மாணவரைப் பிடியுங்கள். எந்தப் பாடத்தில் இடம் கிடைக்காமல் காத்திருக்க வேண்டியிருக்கிறது, இளங்கலைக்காரர்களை எந்தத் துறை ஆய்வுக்கூடத்துக்குள் விடுகிறது என்று கேளுங்கள். நூலகத்தையும் விசாரியுங்கள். அங்கே இல்லாத புத்தகத்தை வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வரவழைத்துத் தருவார்கள். எனக்கு அது ஐந்தாம் வருடத்தில்தான் தெரிந்தது.