அஸ்கபான் கைதி: மூன்றாம் படத்தின் துணிச்சல்

எட்டுப் படங்கள் கொண்ட ஹாரி பாட்டர் வரிசையில் மூன்றாவதாக 2004இல் வெளிவந்த ‘அஸ்கபான் கைதி’, தொடக்கத்தின் புதுமையும் முடிவின் பரபரப்பும் வாய்க்காத நடுவிடத்தில் நின்றும், என் கணிப்பில் மற்றவற்றை விஞ்சுகிறது. கிறிஸ் கொலம்பஸுக்குப் பின் இயக்குநர் பொறுப்பேற்ற அல்ஃபோன்ஸோ குவாரோன், முந்தைய படங்களின் பளிச்சிடும் வண்ணங்களைத் தணித்து, மழையும் மூடுபனியும் சூழ்ந்த வெளியில் கதையை நடத்துகிறார். மந்திரவாதிகளின் சிறையான அஸ்கபானைக் காவல்காக்கும் டிமென்டர்கள் என்னும் கொடிய உருவங்கள் ரயிலுக்குள் நுழையும் காட்சியில், சன்னல் கண்ணாடியில் பனி படர்வதே நம்மை நடுங்கவைக்கப் போதுமானதாக இருக்கிறது. ஹாரியின் ஆசிரியர் லூபினாக வரும் டேவிட் தியூலிஸின் களைப்பும் கனிவும் கலந்த நடிப்பு மனத்தில் தங்குகிறது. முதலில் தற்செயலாகத் தோன்றிய கல்வீச்சு, காலத்தில் பின்னோக்கிச் செல்லும் இறுதிப் பகுதியில் பொருள் பெறும் விதம், திரைக்கதையின் கட்டுக்கோப்புக்குச் சான்று. இத்தொடருக்கு ஜான் வில்லியம்ஸ் கடைசியாக இசையமைத்ததும் இப்படத்துக்கே.

ஆயினும், பள்ளிக்குள் யார் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டும் மாய வரைபடத்தை உருவாக்கியவர்கள் யார் என்பதைப் படம் விளக்காமல் கடந்துவிடுகிறது. இதனால், நாவலைப் படிக்காதவர்களுக்கு, அதை உருவாக்கியவர்களான லூபினுக்கும் சிறையிலிருந்து தப்பிய கைதி சிரியஸுக்கும் ஹாரியின் தந்தைக்கும் இருந்த நட்பின் ஆழம் பாதிதான் புலப்படும். 142 நிமிடங்களில் இன்னும் ஐந்து நிமிடங்களைச் சேர்த்திருந்தால் யாரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள்.